பாயம்மா எழுத்து

மாயவரம் கடைத்தெருவில், நேராக நிற்கிற எழுத்தை எவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு காலம் இருந்தது. புதுப்படம் மாறினாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் மாட்டுச் சந்தை என்றாலும், சுவரொட்டியில் எழுத்து தடியாக, வலப்பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிற ஆளைப்போல இருந்தாக வேண்டும். முனையில் குச்சமோ கொண்டையோ கூடாது. தலையிலிருந்து கால்வரை ஒரே பருமன். மணிக்கூண்டுப் பக்கம் ஒட்டியிருப்பதை பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்பாமலே படித்துவிடலாம். ஊர் அதற்கு 'பாயம்மா எழுத்து' என்று பெயர் வைத்திருந்தது. அச்சாபீஸுக்குள் வரும்போதே, "பாயம்மா எழுத்துல போடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். என்ன போட வேண்டும் என்பதே அப்புறம்தான்.

அந்தப் பாயம்மா ரசியா பேகம். குத்தாலத்தில் மரவாடி வைத்திருந்தவரின் மகள். அவரைக் கட்டிய நெய்னா முகம்மது, ஒரு பழைய கைப்பிரஸ்ஸை வாங்கி மாயவரத்தில் அச்சாபீஸ் திறந்தார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றி அடித்துக் கொடுத்து, அடி வாங்காமல் தப்பித்து, இது நமக்கு ஆகாது என்று சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது, "அச்சாபீஸை வித்துடு" என்றார். வாங்க நாதியில்லை. ரசியா பேகம் கதவைத் திறந்து, ஒரு மூங்கில் தட்டியைக் குறுக்கே வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்தார். வெளியே அச்சை இழுக்க துரைராசு இருந்தார். இரண்டு வருஷத்தில் தட்டி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. முக்காடு மட்டும் இருந்தது.

சுவரொட்டிக்குப் பெரிய எழுத்து வேண்டும். நெய்னா வாங்கிப்போட்ட மர எழுத்துகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு வரவழைக்கிற வசதி இல்லை. ரசியா பேகம் மரத்தூளில் விளையாடி வளர்ந்தவர். குத்தாலத்திலிருந்து ஒரு பலாப்பலகையும் உளியும் வரவழைத்தார். அச்செழுத்தை இடவலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். தாளில் பட்டால்தான் நேராகும். துரைராசு முயன்று பார்த்து, தலை சுற்றுகிறது என்று டீ குடிக்கப் போய்விட்டார். ரசியா பேகத்துக்கு அது ஒரு சங்கடமாகவே தெரியவில்லை. நான்கு வயதிலிருந்து குர்ஆனை வலமிருந்து இடமாக ஓதிய கண்ணுக்கு எந்தப் பக்கமும் ஒரு பக்கம்தான்.

சங்கடம் பலகையில் இருந்தது. அதில் ரேகை சாய்வாக ஓடியது. நேராக நிற்கும் கோடு வெட்டினால் குறுக்கே பிளந்து சில்லு சில்லாகத் தெறித்தது. மூன்று எழுத்து பாழான பிறகு ரசியா பேகம் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்கு எந்தப் பக்கம் இஷ்டமோ அந்தப் பக்கமே போகட்டும்" என்றார். ரேகையோடு சாய்த்து வெட்டினார். மெல்லிய இடம் எங்கிருந்தாலும் உடைந்தது. ஆகவே மெல்லிய இடமே இல்லாமல் வெட்டினார். வாலும் சுருட்டும் உடைந்தன, அவற்றையும் விட்டார். அப்படிப் பிறந்ததுதான் அந்த எழுத்து. அழகுக்காக யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆனாலும் அழகாக இருந்தது, அதை மறைப்பானேன். அடுத்து வந்த பலகையில் ரேகை நேராகத்தான் ஓடியது. அதற்குள் ஊர் சாய்வைக் கேட்க ஆரம்பித்திருந்தது.

தமிழில் எழுத்துக்குப் பஞ்சமா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்ட முடியாது. ஆகவே ரசியா பேகம் ஒரு முறை வைத்தார். எந்த வேலைக்கு ஒரு எழுத்து முதன்முதலாக வேண்டியிருக்கிறதோ, அந்த வேலையைக் கொடுப்பவரே அதற்கு மரம் கொண்டுவர வேண்டும். வெட்டிய பிறகு அது பெட்டிக்குச் சொந்தம். யார் வந்தாலும் எடுத்துப் போடலாம். தியேட்டர் உடைந்த நாற்காலிப் பலகைகளைக் கொடுத்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் மேடைப் பலகையை அறுத்துக் கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைக் கேள்விப்பட்டு அதைவிடத் தடியான பலகையாகக் கொண்டுவந்தார்கள். இப்படி ஊர் மரமெல்லாம் ஒரே பெட்டியில் படுத்திருந்தது. 'வு' மட்டும் பர்மாத் தேக்கு. அது மிராசுதார் அமிர்தலிங்கம் கொடுத்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு ஊரெங்கும் 'நல்வரவு' ஒட்டியபோது வந்து சேர்ந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கோயில் காரியத்துக்கும் சாவுச் செய்திக்கும் பாயம்மா எழுத்து கிடையாது. இரண்டுக்கும் நேரெழுத்துதான். இதை ரசியா பேகம் சொல்லவில்லை. ஊரே அப்படி வைத்துக்கொண்டது. ஓடுகிற எழுத்து உயிரோடு இருப்பவர்களுக்கு என்று துரைராசு விளக்கம் சொல்வார். அவருக்கு எதற்கும் விளக்கம் உண்டு.

அமிர்தலிங்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அச்சாபீஸ் இருந்த கட்டடம் அவருடையது. தியேட்டர் அவருடையது, அச்சாபீஸுக்கு வாரம் தவறாமல் வருகிற வேலை அதுதான். பழவாற்றங்கரையில் நிலமும் அவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம். பேச்சில் மரியாதை குறையாத மனிதர். குறைய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அந்த நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், ஐயாவு என்கிற குடியானவரின் சாகுபடி. அவர் அப்பன் காலத்திலிருந்து குத்தகை. எழுத்தில் ஒரு துண்டு இல்லை. புது ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பெயரைத் தாசில் கச்சேரியில் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. பெயர் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் நிலத்தைவிட்டு இறக்க முடியாது. ஆகவே ஏறுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும் என்று மிராசுகள் பலர் முந்திக்கொண்டார்கள். சட்டம் கச்சேரி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அடியாள் வயல் வரப்புக்கு வந்துவிட்டான்.

ஐயாவு மனு கொடுத்திருந்தார். விசாரணைக்குக் கூப்பிடவில்லை. தை பிறந்ததும், விளைந்து நின்ற அவர் கதிரை வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க வந்தார்கள். ஐயாவு வரப்பில் போய் நின்றார். "நான் நட்டது, நான் அறுக்கிறேன்" என்றாராம். தடி தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டார். வரப்பு வழுக்கி விழுந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அந்த வரப்பில் வழுக்குவதற்கு அன்றைக்குச் சொட்டு ஈரம் கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் பெண்டாட்டி பூவம்மாள் மாயவரத்துக்கு வந்தார். அச்சாபீஸ் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க. என்ன அடிக்கணும்?" என்றார் ரசியா பேகம்.

"எங்கூட்டுக்காரரு பேருங்க. ஐயாவு."

"சரிம்மா. பேருக்குக் கீழ என்ன போடணும்? காரியத் தேதி, வருந்துறவங்க பேரு..."

"ஒண்ணும் வேணாங்க. பேரு மட்டும். பெருசா. அந்தச் சாஞ்ச எழுத்துல."

துரைராசு நடுவில் வந்தார். "தவறிப்போனவங்களுக்கு நேரெழுத்துல போடுறதுதான் வழக்கம்மா."

பூவம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ரசியா பேகத்தைப் பார்த்தே சொன்னார்: "அவரு சந்தைக்கு வந்தா சினிமாப் போஸ்டர் முன்னாடி நின்னுடுவாருங்க. படிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்த அவ்ளோ பிடிக்கும். கச்சேரில மனு குடுத்துட்டு வந்தன்னிக்கு, ஏன்டி, எம் பேர அங்க எழுதுறப்ப இப்புடித் தடியா எழுதுவாங்களான்னு கேட்டாருங்க. கச்சேரில எழுதவே இல்லைங்க. அதான் செவுத்துலயாவது எழுதிடலாம்னு வந்தேன்."

ரசியா பேகத்துக்கு அது அமிர்தலிங்கத்தின் வயல் என்பதும் தெரியும், அமிர்தலிங்கத்தின் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் தெரியும். பெட்டியை இழுத்துப் பார்த்தார்.

"பெட்டியில ஐ இல்லையே" என்றார். தியேட்டர்காரருக்கு ஐந்தாவது வாரம் என்றால் 5 போதும். அந்த எழுத்தை யாரும் கேட்டதில்லை. "நீங்க மரம் கொண்டுவரணும். அதான் இங்க முறை."

துரைராசு மூச்சு விட்டார். பாயம்மா சாமர்த்தியமாகத் தட்டிக்கழித்துவிட்டார் என்று நினைத்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குடிசையில் மரம் ஏது?

மறுநாள் காலையில் பூவம்மாள் தலையில் ஒரு பலகையோடு வந்தார். சேற்றைச் சமன்படுத்த மாட்டின் பின்னால் கட்டி இழுக்கிற பரம்புப் பலகை. பூவரசு. நடுவில் ஐயாவு ஏறி நின்று நின்று இரண்டு பாதத்துக்கும் குழி விழுந்திருந்தது. "இனிமே இதுக்கு வயலு இல்லைங்க" என்று சொல்லி இறக்கி வைத்தார்.

அன்றைக்கே ரசியா பேகம் ஓர் ஓரத்தை அறுத்து எடுத்து உளியை வைத்தார். பலகை சும்மா விடவில்லை. எத்தனையோ போகம் வண்டல் ஏறி, மரத்துக்குள்ளே மணல் உட்கார்ந்திருந்தது. நாலு கொத்துக்கு ஒருமுறை உளி மழுங்கியது. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி வெட்டினார். எழுத்தும் லேசுப்பட்டதா? 'ஐ' சுழித்துக்கொண்டு கிளம்பி, வளைந்து இறங்கி, முடியுமிடத்தில் மறுபடி வளைகிறது. அதைச் சாய்த்தால் குப்புற விழுகிறவனைப்போல இருக்கிறது. ரசியா பேகம் தாளில் வரைந்து சுவரில் ஒட்டி, எதிர்ச்சுவர்வரை போய் நின்று பார்த்தார். சுழியைச் சிறிதாக்கினார். அடியைக் கனமாக்கினார். அப்போது அது நின்றது. சாய்ந்துதான் நின்றது, ஆனால் எவன் தள்ளினாலும் விழாது என்பதுபோல நின்றது. துரைராசுவுக்கே வாய் திறந்துவிட்டது.

"இவ்வளவு நாள் வெட்டினதுலயே இதாம்மா எழுத்து" என்றார்.

'யா'வையும் 'வு'வையும் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்தில் வைத்து, அச்சில் பூட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. ஊரில் ரகசியம் ஏது? அமிர்தலிங்கம் துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

"என்ன பாயம்மா, புது எழுத்துப் போல?"

"ஆமாங்கய்யா. பூவம்மா மரம் கொண்டாந்தாங்க."

அவர் குனிந்து பார்த்தார். அச்செழுத்தைத் தலைகீழாகப் படிக்கிற அளவுக்கு அவருக்குப் பழக்கம் இருந்தது.

"கீழ என்ன போடப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. பேரு மட்டுந்தான். யாரு மேலயும் ஒரு சொல்லு கிடையாது."

"அதான் வம்பே. கொலைகாரன்னு போட்டா நான் கோர்ட்டுக்குப் போவேன். வெறும் பேரைப் போட்டா எந்தக் கோர்ட்டுல போய் என்னன்னு கேக்குறது?" என்று சிரித்தார். அவரை முட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விரலை நீட்டினார். "அந்த வு எங்க வீட்டுத் தேக்கு. என் பொண்ணு கல்யாணத்துக்குக் குடுத்தது. அது அவன் பேருல நிக்கக் கூடாது."

முறைப்படி அது பெட்டிக்குச் சொந்தமான எழுத்து. கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். அல்லது, சரிங்கய்யா என்று வேலையை நிறுத்திவிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் துரைராசு எதிர்பார்த்தார், இரண்டாவதைத்தான் வேண்டிக்கொண்டார். ரசியா பேகம் எழுத்தை இறுக்கியிருந்த பூட்டைத் தளர்த்தினார். 'வு'வை எடுத்தார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒரு தாளில் வைத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்கய்யா. இனிமே நல்வரவு போடணும்னா எங்ககிட்ட இந்த வு இருக்காது. வேற வு இருக்கும். அது உங்க மரமா இருக்காது."

மிராசுதார் இதை எதிர்பார்க்கவில்லை. தம் தேக்குக்கட்டையைக் கையில் வாங்கிப் புரட்டினார். துடைத்த பிறகும் விரலில் மை ஒட்டிக்கொண்டது.

"கட்டடத்தைக் காலி பண்ண வேண்டியிருக்கும்" என்றார், அதே மரியாதையோடு.

"பண்ணிடறேங்க."

கார் போனபிறகுதான் ரசியா பேகம் உட்கார்ந்தார். பயம் இல்லாமலா இருக்கும்? இந்த இரும்பு அச்சைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது, தியேட்டர் வேலை போனால் அடுப்பு எப்படி எரியும், சிங்கப்பூரில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றாக யோசித்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டுப் பரம்புப் பலகையில் இன்னொரு துண்டை அறுத்தார். 'வு' சுலபமான எழுத்துதான். அன்றைக்கு மட்டும் நேரம் பிடித்தது.

அடியில் அச்சாபீஸ் பெயரைப் போட வேண்டாம் என்று துரைராசு கெஞ்சினார். "போடாம விட்டா சட்டப்படி தப்பு" என்றார் ரசியா பேகம். "அதோட, எழுத்தப் பார்த்தாலே யாரு வெட்டுனதுன்னு ஊருக்குத் தெரியும். பேரை மறைச்சா பயந்துட்டோம்னு ஆயிடும். பயந்தது நமக்குள்ள இருக்கட்டும்." பெயர் போட்டார்கள். மஞ்சள் தாளில் கறுப்பு மை. துரைராசு அன்றைக்கு இழுத்த இழுப்பைப்போல் என்றும் இழுத்ததில்லை. கெஞ்சியதும் அவர்தான், இழுத்ததும் அவர்தான்.

விடிந்தபோது மாயவரம் முழுக்க ஒரே சொல். மணிக்கூண்டில், ரயிலடியில், தியேட்டர் சுவரில், தாசில் கச்சேரி மதிலில்: ஐயாவு. வேறு ஒன்றும் இல்லை. படிக்கத் தெரிந்தவன் வாய்விட்டுப் படித்தான். தெரியாதவன் பக்கத்தில் நின்றவனைக் கேட்டான். நின்றவன் கேட்டவனுக்காக இன்னொரு தடவை படித்தான். யார் ஐயாவு என்று கேட்க, ஒவ்வொரு டீக்கடையிலும் ஒருவன் சொல்ல, சாயங்காலத்துக்குள் வரப்பு வழுக்கிய கதையை நம்ப ஊரில் ஆள் இல்லை. மிராசுதாரின் ஆட்கள் சுரண்டிப் பார்த்தார்கள். புளியங்கொட்டைப் பசை. தாள் வராமல் சுண்ணாம்புதான் பெயர்ந்து வந்தது.

கட்டடம் போனது. கூறைநாட்டில் ஒரு நெசவாளியின் தறிக்கொட்டகை காலியாக இருந்தது, அவர் கொடுத்தார். ஆனால் அச்சை ஏற்றிப்போக ஒரு வண்டிக்காரனும் வரவில்லை. ஒருவன் மாட்டுக்குக் கால் சுளுக்கு, இன்னொருவனுக்கு அச்சாணி இல்லை. எல்லாருக்கும் அமிர்தலிங்கம் வீட்டு வைக்கோல் தேவை என்பதுதான் விஷயம். துரைராசு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, பழவாற்றங்கரையிலிருந்து ஐயாவுவின் ஊர் ஆட்கள் வந்தார்கள். மூங்கிலும் வடமும் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அச்சுக்கு அடியில் மூங்கிலைக் கொடுத்து, தோளில் ஏற்றி, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலில் தோள் மாற்றினார்கள். அங்கேதான் மாற்ற வேண்டும் என்று ஒன்றும் இல்லை. பின்னால் ரசியா பேகமும், எழுத்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பூவம்மாளும் நடந்தார்கள்.

தியேட்டர் ஆறு மாதம் நேரெழுத்தில் ஒட்டிப் பார்த்தது. கூட்டம் குறைந்தது எழுத்தாலா படத்தாலா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துத் தியேட்டர் மேனேஜர் கூறைநாட்டுக்கு வந்து, பழைய நாற்காலிப் பலகை இரண்டைத் தானாகவே இறக்கிவைத்துவிட்டுப் போனார். சிங்கப்பூரிலிருந்து நெய்னா முகம்மது எழுதினார்: "நான் இருந்திருந்தால் பயந்திருப்பேன். நீ இருந்ததே நல்லது." அதுவரை அவர் எழுதியதில் உருப்படியான வரி அதுதான் என்று ரசியா பேகம் துரைராசுவிடம் சொல்லிச் சிரித்தார்.

அடித்தவர்கள்மேல் போட்ட வழக்கு ஒன்றும் ஆகாமல் போயிற்று. ஆனால் கச்சேரியில் கிடந்த மனு அசைந்தது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் விடாமல் அலைந்தார்கள். புரட்டாசியில் ஒருநாள் பூவம்மாள் தறிக்கொட்டகைக்கு வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆறு மாவும் ஐயாவு மனைவி பூவம்மாள் என்று பதிவாகிவிட்டதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதார். ரசியா பேகமும் அழுதார். துரைராசு ரொம்ப அவசரமாக எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

ரசியா பேகம் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து 'ஐ'யை எடுத்துவந்து பூவம்மாளின் மடியில் வைத்தார்.

"இது உங்க வீட்டுப் பலகை. அவரு நின்ன பலகை. நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு முறை கிறை எல்லாம் ஒண்ணும் இல்ல."

பூவம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மையேறிக் கறுத்திருந்தது. முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"இப்ப இது எதுக்காச்சும் வேணுங்களா?" என்று கேட்டார்.

ரசியா பேகம் தயங்கினார். "வேணுந்தான். ஆத்துல முழுகுற கடைமுழுக்குச் சந்தைக்குக் கடை போடுறவங்க சேர்ந்து போஸ்டர் கேட்டுருக்காங்க. மேல ஐப்பசின்னு பெருசாப் போட்டு, ஒண்ணாந்தேதிலேர்ந்து ஊரெல்லாம் ஒட்டணுமாம். நான் வேற வெட்டிக்கறேன். நீங்க அதப் பத்திக் கவலைப்படாதீங்க."

பூவம்மாள் கட்டையை எடுத்து ரசியா பேகத்தின் கையிலேயே வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

"வேணாங்க, இதையே போடுங்க. அப்ப மாசம் முழுக்க செவுத்துல இருப்பாருல்ல?"

மணல்மேட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, சொல்லிக்கொண்டு புறப்பட்டார்.